பேச மறுக்கும் பிள்ளை, கடல் தாண்டிய வழக்கு: விலக்கப்பட்ட பெற்றோருக்கு ஆகும் செலவும் கிடைக்கும் உதவியும்

வண்டூர் (அந்தமான்): மணவாழ்க்கை முறிந்த பின் குழந்தை ஒருவரிடம் வளர்கிறது. நீதிமன்றம் குறித்துக் கொடுத்த நாளில் மற்றவர் குழந்தையைப் பார்க்கச் செல்கிறார். குழந்தை உள்ளறையைவிட்டு வர மறுக்கிறது. வந்தாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சென்னைக்குள்ளேயோ மதுரைக்குள்ளேயோ இது நடந்தால், பேருந்து ஏறி வீடு திரும்பிவிட்டு அடுத்த சனிக்கிழமை மீண்டும் முயலலாம். தெற்கு அந்தமானின் தென்மேற்குக் கரையிலுள்ள வண்டூரில் வசிப்பவருக்கு அந்த ஒரு மறுப்பின் விலை வேறு. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு ஏறக்குறைய 25 கி.மீ. சாலைப் பயணம், அங்கிருந்து சென்னைக்கு விமானத்தில் சுமார் 2 மணி நேரம், கப்பலில் ஏறத்தாழ 3 நாள்கள். திரும்பி வரவும் அதே தொலைவு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 விழுக்காடு. பிழைப்பு தீவில், பெற்றோரும் உடன்பிறந்தாரும் தாய்நிலத்தில் என்று வாழும் குடும்பங்கள் அவர்களிடையே ஏராளம். (வண்டூர் என்ற பெயரே 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் இங்கு அனுப்பப்பட்டோர் மலபாரிலிருந்து கொண்டுவந்த ஊர்ப் பெயர்தான்.) இத்தகைய குடும்பத்தில் பிரிவு நேரும்போது, குழந்தை ஒரு கரையிலும் பெற்றோரில் ஒருவர் மறு கரையிலும் நின்றுவிடுவது எளிது. அவ்வாறு நின்றுவிட்டவர் எங்கே வழக்குத் தொடுப்பது, யாரிடம் ஆலோசனை பெறுவது, எதற்குப் பணம் கொடுப்பது, எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரை வைத்து வழக்கு நிற்காது

பெற்றோரில் ஒருவர், மற்றவர்மீது குழந்தைக்கு வெறுப்போ அச்சமோ ஏற்படும்படி தொடர்ந்து நடந்துகொள்வதைப் 'பெற்றோரை அந்நியமாக்குதல்' என்று அழைக்கிறார்கள். "உங்க அப்பா நம்மள வேண்டாம்னுட்டுப் போயிட்டார்" என்ற ஒரு வாக்கியத்தை ஐந்து வயதுப் பிள்ளையிடம் தினந்தோறும் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985-இல் இதை ஒரு நோய்க்குறித் தொகுப்பாகவே அறிவித்தார். மருத்துவ உலகம் அதை ஏற்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் அதற்கு இடமில்லை. உலக சுகாதார அமைப்பு தனது 11-ஆம் நோய் வகைப்பாட்டின் சொல்லடைவில் அச்சொல்லைச் சேர்த்து, எதிர்ப்பு எழுந்ததும் 2020-இல் நீக்கிவிட்டது. வீட்டில் வன்முறை செய்தவரே "என் பிள்ளையை எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள்" என்று முறையிட்டுக் குழந்தையைத் திரும்பப் பெறும் வழியாக இக்கருத்து பயன்படுத்தப்படுகிறது என, பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2023-இல் மனித உரிமை மன்றத்தில் எச்சரித்தார்.

இரண்டு பக்கமும் உண்மை உண்டு. பிள்ளையை மனம் திருப்புவோர் இருக்கிறார்கள். நியாயமான அச்சத்தால் விலகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எது எது என்று பிரித்துப் பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை.

இந்திய உச்ச நீதிமன்றம் இவ்விஷயத்தில் ஏழாண்டு இடைவெளியில் இரண்டு முக்கியத் தீர்ப்புகளை வழங்கியுள்ளது. முதலாவது, 2017 பிப்ரவரியில் நீதிபதிகள் ஏ.கே.சிக்ரி, அபய் மனோகர் சப்ரே அமர்வு அளித்தது. ராணுவ அதிகாரியான தந்தைக்கும் ஆசிரியையான தாய்க்கும் இடையிலான வழக்கு அது. பெற்றோர் பிரிந்தபோது பெண் குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. குழந்தை தந்தையிடம் தங்கிவிட்டது. தீர்ப்பு வந்தபோது அதற்கு எட்டு வயது. தந்தையிடமே இருக்க விரும்புவதாகக் குழந்தை கூறியது. தாயுடன் வாழ்ந்தே அறியாத குழந்தையின் அந்த விருப்பத்தை முழுமையான விருப்பமாக எடுத்துக்கொள்ள இயலாது என்று கருதிய நீதிமன்றம், பெற்றோர் அந்நியமாதல் பற்றியும் விரிவாகப் பேசி, ஓராண்டுக் காலத்துக்குக் குழந்தையைத் தாயின் பொறுப்பில் ஒப்படைத்தது.

இரண்டாவது, 2024 மே 8-இல் நீதிபதிகள் விக்ரம் நாத், சதீஷ் சந்திர சர்மா அமர்வு வழங்கியது. இங்கும் தந்தை ராணுவ அதிகாரி. குழந்தைகள் அவரிடம் இருந்தனர். அவர் பிள்ளைகளைத் தன்னிடமிருந்து அந்நியமாக்கிவிட்டார் என்பது தாயின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவசரப்பட்டு இந்தப் பெயரை யார்மீதும் ஒட்டக் கூடாது. அந்நியமாக்கும் நடத்தை என்று சொல்லத்தக்க தனித்தனி நிகழ்வுகள் உள்ளனவா என்றே கீழமை நீதிமன்றங்கள் பார்க்க வேண்டும் என்று அது அறிவுறுத்தியது. இங்கிலாந்தின் குடும்ப நீதிமன்றப் பிரிவுத் தலைவர் சர் ஆண்ட்ரூ மெக்ஃபார்லேன் 2023-இல் வழங்கிய தீர்ப்பும் ஏறத்தாழ இதையே கூறுகிறது.

செலவு செய்யத் தொடங்கும் முன் ஒரு பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியது இந்த 2024 தீர்ப்பைத்தான். 'அந்நியமாக்கல்' என்று முத்திரை குத்தும் விலையுயர்ந்த அறிக்கையைவிட, எந்த நாளில் எந்த நேரத்தில் சந்திப்பு குறிக்கப்பட்டிருந்தது, சென்றபோது என்ன நடந்தது, அன்று மாலை என்ன குறுஞ்செய்தி வந்தது என்று வரிசையாக எழுதப்பட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு நீதிமன்றத்தில் அதிகம் பேசும். நோட்டின் விலை சில பத்து ரூபாய்.

எந்த ஊர் நீதிமன்றம்?

தீவில் வாழ்வோருக்கு வழக்கின் மொத்தச் செலவைத் தீர்மானிப்பது இந்தக் கேள்வியே. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் சிறார் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, சிறார் 'வழக்கமாக வசிக்கும்' இடத்து நீதிமன்றத்துக்கே அதிகாரம் அளிக்கிறது. மனு போடுபவர் வசிக்கும் இடம் கணக்கில் வராது. குழந்தை வண்டூரில் வளர்ந்தால், சென்னையில் இருக்கும் தாயோ தந்தையோ ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள மாவட்ட நீதிமன்றத்துக்கு வர வேண்டும். மேல்முறையீடு, அங்கேயே அமரும் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வுக்குச் செல்லும். குழந்தை மதுரையில் இருந்தால், வண்டூர்க்காரர் மதுரைக் குடும்ப நீதிமன்றத்தின் படியேற வேண்டும். தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் 'ஜி.டபிள்யூ.ஓ.பி.' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மனு இதுதான்.

நேற்று வரை வண்டூர்ப் பள்ளியில் படித்த குழந்தையை, விடுமுறைக்கு என்று அழைத்துச் சென்று திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டால்? 'வழக்கமான வசிப்பிடம்' எது என்பது அந்தந்த வழக்கின் உண்மைகளைப் பொறுத்து முடிவாகும். பள்ளிச் சேர்க்கைச் சான்று, தடுப்பூசி அட்டை, குடும்ப அட்டை போன்றவை இங்கு உதவும். நாள் செல்லச் செல்ல, புதிய ஊரே வசிப்பிடம் என்ற வாதம் வலுப்பெறும். தாமதம் குழந்தையைத் தன்னிடம் வைத்திருப்பவருக்கே சாதகம். வழக்குரைஞரைச் சந்திப்பதை 'அவர்களே மனம் மாறுவார்கள்' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவோர் இழப்பது இங்கேதான்.

மணமுறிவு வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், அதே நீதிமன்றத்தில் குழந்தையைப் பற்றியும் கேட்கலாம். இந்துக்களுக்கு இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவும், சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தோருக்கு 38-ஆவது பிரிவும், கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின் 43-ஆவது பிரிவும் அதற்கு வழி செய்கின்றன. பல மொழியினரும் சமயத்தினரும் கலந்து மணம் புரியும் தீவுகளில் சிறப்புத் திருமணச் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு ஊர்களில் இரண்டு மனுக்களை நடத்துவதைவிட இது சிக்கனமானது.

ஆட்கொணர்வு மனு போட்டால் ஒரே வாரத்தில் குழந்தை கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. குழந்தையை வைத்திருப்பவருக்குச் சட்டப்படி அந்த உரிமையே இல்லாத நிலையில்தான் அம்மனு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவுபடுத்தியுள்ளது. தாயோ தந்தையோ வைத்திருக்கும்போது பெரும்பாலும் "பாதுகாவலர் நீதிமன்றத்துக்குச் செல்லுங்கள்" என்ற பதிலே கிடைக்கும். உயர் நீதிமன்ற வழக்குச் செலவு மட்டும் மிஞ்சும்.

வழக்கைத் தமிழ்நாட்டிலிருந்து அந்தமானுக்கோ அங்கிருந்து இங்கோ மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அதற்கு தில்லியில் ஒரு வழக்குரைஞரை அமர்த்த வேண்டும். அதற்கு முன், காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்டுப் பார்ப்பது நல்லது. திருமண வழக்குகளில் காணொலி விசாரணைக்கு 2017-இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தது. கொரோனாக் காலத்துக்குப் பின் நடைமுறை பெரிதும் தளர்ந்துள்ளது. எனினும் அனுமதிப்பது நீதிபதியின் விருப்புரிமை. குழந்தையை நீதிபதி தன் அறையில் சந்திக்கும் நாளிலும் சமரசப் பேச்சு நாளிலும் நேரில் போவதே சிறந்தது.

பணம் எங்கே போகிறது

நீதிமன்றக் கட்டணம் பொருட்படுத்தத் தக்கதன்று. செலவு ஏறுவது வாய்தாக்களில். ஒவ்வொரு வாய்தாவும் வெளியூர்க்காரருக்கு ஒரு பயணம், ஒரு விடுதி, சில நாள் சம்பள இழப்பு. ஆகவே வக்காலத்தில் கையெழுத்திடும் முன் வழக்குரைஞரிடம் கேட்க வேண்டியவை சில உள்ளன. கட்டணம் முழு வழக்குக்கா, ஒவ்வொரு ஆஜருக்கா? இடைக்கால மனுக்களுக்குத் தனிக் கட்டணமா? எந்தெந்த நாள்களில் கட்சிக்காரர் நேரில் வந்தே ஆக வேண்டும்? இவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளலாம். "ஜெயித்தால் இவ்வளவு கொடுங்கள்" என்று முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய வழக்குரைஞர் மன்ற விதிகள் தடை செய்கின்றன. விளம்பரம் செய்து கட்சிக்காரர் பிடிப்பதையும் அவை தடுக்கின்றன. அத்தகைய பேச்சு வந்தால் எச்சரிக்கை கொள்வது நல்லது.

குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, வழக்குரைஞர் வைத்துக்கொள்வதை உரிமையாகத் தரவில்லை. நீதிமன்ற அனுமதியுடனே அவர் ஆஜராக முடியும். தானே வாதாடுவதற்கு இது வழிவிடுகிறது. ஆனால் குறுக்கு விசாரணை வரை போகும் வழக்கில் சட்டம் படிக்காதவர் தனியாக நிற்பது அறிவுடைமை ஆகாது.

அடுத்தது, அண்மைக் காலத்தில் வளர்ந்துவரும் ஒரு செலவு. விலக்கப்பட்ட பெற்றோருக்கு வழிகாட்டுவதாகக் கூறும் ஆலோசகர்களும் பயிற்சியாளர்களும் இணையவழியில் கட்டணத் தொகுப்புகளை விற்கிறார்கள். 'பேக்கேஜ்' என்று சொல்லி முன்பணமாக முழுத் தொகையும் வாங்குவோரும் உண்டு. மனம் உடைந்திருக்கும் ஒருவருக்கு, பதற்றமின்றி கடிதம் எழுதவும் ஆவணங்களை அடுக்கவும் சந்திப்புக்குத் தயாராகவும் அனுபவமுள்ள ஒருவரின் துணை பயன்படலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவரால் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. தான் நேரில் பார்த்தே இராத குழந்தையின் மனநிலையைப் பற்றியோ, எதிர்த்தரப்பாரின் மனநோய் பற்றியோ அவர் அறிக்கை தருவதானால், அந்தத் தாளுக்குக் கொடுக்கும் பணம் வீண். குழந்தை திரும்பி வரும் என்று எவரும் உறுதியளிக்க இயலாது.

மேற்சொன்ன 2023 இங்கிலாந்து வழக்கின் மையப் பிரச்சினையே இதுதான். முறையான பதிவு இல்லாத ஒருவர் நிபுணராக அறிக்கை தரலாமா என்ற கேள்வி அங்கு எழுந்தது. இந்தியாவில், மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு தேவை. அதற்கு ஒரு பதிவு எண் உண்டு. மனநல மருத்துவர் என்றால் மருத்துவ மன்றப் பதிவு எண் இருக்கும். 'கவுன்சலர்' என்று பெயர்ப்பலகை வைப்பவர் எல்லோரிடமும் அப்படி ஒரு எண் இருப்பதில்லை. முதல் அழைப்பிலேயே எண்ணைக் கேட்பதில் தவறில்லை. கேட்டதும் கோபப்படுபவரிடம் மேலே பேச வேண்டியதில்லை.

கட்டணமின்றிக் கிடைப்பவை

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவச வழக்குரைஞர் கிடைப்பார். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கும் அவ்வாறே. ஏனைய ஆண்கள், அந்தந்த அரசு நிர்ணயித்துள்ள ஆண்டு வருமான வரம்புக்குள் இருந்தால் மட்டுமே தகுதி பெறுவர். குழந்தையைப் பிரிந்த தாய்க்கு இது பெரும் ஆறுதல். வரம்பைச் சற்றே தாண்டிய சம்பளக்காரத் தந்தைக்கு இது எட்டாது என்பதும் உண்மை. வழக்குரைஞர் கட்டணத்தோடு ஆவணம் தயாரிக்கும் செலவும் இதில் அடங்கும். ஸ்ரீ விஜயபுரத்தில் இதற்கான ஆணைக்குழு இயங்குகிறது. தேசிய உதவி எண் 15100. குழந்தை இருக்கும் ஊரில் வழக்கு நடத்த வேண்டுமானால் அந்த மாவட்ட ஆணைக்குழுவை அணுக வேண்டும் என்பதை மறக்கலாகாது.

வருமானம் இல்லாத கணவனோ மனைவியோ, வழக்குச் செலவை மற்றவர் தரும்படி இந்துத் திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவின்கீழ் கேட்கலாம். இப்பிரிவு மனைவிக்கு மட்டும் உரியது என்று பலரும் எண்ணுகிறார்கள்; சட்டத்தில் அப்படி இல்லை.

நீதிமன்றங்களோடு இணைந்த சமரச மையங்களின் சேவைக்குக் கட்டணம் இல்லை. குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர்களை அரசே நியமிக்கிறது. தேவைப்பட்டால் மருத்துவ, நல வல்லுநர்களின் உதவியை நீதிமன்றமே பெறவும் சட்டம் இடம் தருகிறது. தனியாரிடம் பெரும் தொகை கொடுத்து ஒருதலைப்பட்ச அறிக்கை வாங்குவதைவிட, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனத்துக்கோ குழந்தையையும் பெற்றோர் இருவரையும் அனுப்பும்படி நீதிமன்றத்திடம் மனு கொடுப்பது மலிவானது, நம்பகமானது. இருதரப்பையும் பார்த்த பின் எழுதப்படும் அறிக்கைக்கே மதிப்பு.

இங்கு ஓர் எச்சரிக்கை. சமரசப் பேச்சில் சொன்னவை ரகசியமாகக் காக்கப்படும் என்பது பொது விதி. குழந்தைப் பொறுப்பு வழக்குகளில் ஆலோசகர் குழந்தையிடம் பேசி அளிக்கும் அறிக்கைக்கு அந்த விதி பொருந்தாது. நீதிபதி அதைப் பயன்படுத்தலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

வழக்கு ஒருபுறம் இருக்க, உறக்கமின்மையும் மனச்சோர்வும் இத்தகைய பெற்றோரை வாட்டுகின்றன. மத்திய அரசின் டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழிலும் அழைக்கலாம். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098.

உத்தரவில் என்ன இருக்க வேண்டும்

'மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம்' என்ற வழக்கமான உத்தரவு, ஒரே ஊரில் வாழும் பெற்றோருக்காக உருவானது. கடல் தாண்டி வாழ்பவருக்கு அது காகிதத்தில் மட்டுமே உரிமை. அவர் கேட்க வேண்டியது வேறு வகை: பள்ளி விடுமுறைகளில் தொடர்ச்சியாகச் சில நாள்கள், பயணச் செலவை யார், எந்த விகிதத்தில் ஏற்பது, குழந்தையுடன் யார் பயணம் செய்வது, புயலாலோ பருவமழையாலோ கப்பலும் விமானமும் ரத்தானால் மாற்று நாள் எது, பள்ளி மதிப்பெண் அறிக்கையும் மருத்துவத் தகவலும் இருவருக்கும் கிடைக்குமா என்பது. இவ்வாறு விரிவான வளர்ப்புத் திட்டம் வகுத்துக்கொள்வதை மத்திய சட்ட ஆணையம் 2015 மே மாதத்தில் அளித்த தனது 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை. ஆனால் இருதரப்பும் ஒப்புக்கொண்டு தாக்கல் செய்தால் நீதிமன்றம் அதை உத்தரவாக்கலாம்.

காணொலி அழைப்பைத் தனியே கேட்க வேண்டும். குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றோர், சிறப்புக் காரணம் ஏதும் தடையாக இல்லாவிட்டால், தினமும் 5 முதல் 10 நிமிடம் குழந்தையுடன் பேசும் உரிமை பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தெரிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடி கண்ணாடி இழைக் கம்பிவடம் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்த தீவுவாசிகளுக்கு அத்தீர்ப்பின் பலன் அதன் பின்னரே கைக்கு எட்டியது எனலாம். 'பேச அனுமதிக்க வேண்டும்' என்று மட்டும் எழுதப்பட்ட உத்தரவு போதாது. எந்த நேரம், யாருடைய கைப்பேசி, அழைப்பை எடுக்காவிட்டால் மறுநாள் எப்போது என்பனவும் எழுதப்பட வேண்டும். பத்து நிமிடம் சிறியதாகத் தோன்றலாம்; அப்பாவின் குரலை மறவாதிருக்க ஒரு குழந்தைக்கு அது போதும்.

சந்திப்பு மறுக்கப்படுகிறது என்பதற்காக ஜீவனாம்சத்தை நிறுத்திவிடும் தந்தைகள் பலர். இரண்டும் வெவ்வேறு கடமைகள். பணத்தை நிறுத்தியவுடன் வழக்கின் முகமே மாறிவிடும்: உத்தரவை மீறியவர் என்ற பெயர் இவருக்கு வந்து சேரும், "பார், உனக்குச் சோறு போடக்கூட அவருக்கு மனமில்லை" என்று குழந்தையிடம் சொல்ல மற்றவருக்கு ஓர் ஆதாரமும் கிடைத்துவிடும். வங்கி வழியாகச் செலுத்தி ரசீதை வைத்துக்கொள்வதே முறை.

சந்திப்பு நேரத்தில் குழந்தையைக் கேள்வி கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்வோரும் உண்டு. கணவன் மனைவி உரையாடலின் ரகசியப் பதிவைத் திருமண வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்து இந்த ஆர்வம் கூடியிருக்கிறது. அத்தீர்ப்பு கணவன் மனைவியைப் பற்றியது. குழந்தையோடு கிடைக்கும் ஒரு மணி நேரத்தைச் சாட்சி சேகரிக்கச் செலவிட்டால், அடுத்த முறை குழந்தை வர மறுப்பதற்கு வேறு காரணம் தேடத் தேவையிராது.

குழந்தையை வைத்திருக்கும் பெற்றோரின் பக்கமும் இதில் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர், சந்திப்பு குழந்தைக்குத் தீங்கானது எனக் காட்டினால் அதை மறுக்கும் அதிகாரத்தை 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நடுவருக்கு வழங்குகிறது. அத்தகையவர் உத்தரவைத் தானாக மீறாமல், நீதிமன்றத்தில் மாற்றம் கோருவதே அவருக்குப் பாதுகாப்பு. கண்காணிப்பாளர் முன்னிலையில் மட்டும் சந்திப்பு என்ற இடைநிலை வழியும் இருக்கிறது.

உத்தரவை மதிக்காவிட்டால்

இடைக்காலமாகக் குழந்தையை முன்னிலைப்படுத்தும்படி நீதிமன்றம் இட்ட உத்தரவை மீறுவோருக்கு 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு விதிக்கும் அபராதம் 100 ரூபாய். தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 10 ரூபாய் வீதம், மொத்தம் 500 ரூபாய்க்கு மேற்படாமல். விக்டோரியா மகாராணி காலத்தில் அது பெரும் தொகையாக இருந்திருக்கும். இன்று வண்டூரிலிருந்து புறப்பட்டு ஏமாந்து திரும்பியவரின் விமானச் சீட்டில் ஒரு சிறு பகுதிக்கும் அது ஈடாகாது. குழந்தையைக் கொண்டுவர ஒப்புக்கொள்ளும் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் அதே பிரிவு அதிகாரம் தருகிறது என்றாலும், குழந்தையின் தாயையோ தந்தையையோ சிறைக்கு அனுப்ப நீதிபதிகள் தயங்குவது இயல்பு.

நடைமுறையில் பயன்படுபவை வேறு: நீதிமன்ற அவமதிப்பு மனு, தவறிய சந்திப்புகளுக்கு ஈடாகக் கூடுதல் நாள்கள் கோரும் மனு, வீணான பயணச் செலவைத் திரும்பக் கோரும் மனு, இறுதியாகப் பொறுப்பையே மாற்றக் கோரும் மனு. குழந்தையைத் திட்டமிட்டுத் தந்தையிடமிருந்து விலக்குவது மனரீதியான கொடுமை என்று தில்லி உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியிருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் தேதியோடு கூடிய அந்த நோட்டும், பயணச் சீட்டுகளும், செய்திப் பதிவுகளுமே அடிப்படை.

குழந்தைப் பொறுப்பு உத்தரவு எதுவும் இறுதியானது அன்று. சென்னையிலிருந்து மேல்முறையீட்டில் சென்ற ஒரு வழக்கில் 1973-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளோ விளையாட்டுப் பொருள்களோ அல்லர்; சூழ்நிலை மாறினால், அவர்களின் நலன் கருதி உத்தரவும் மாறலாம். ஒரு முறை தோற்ற பெற்றோர், குழந்தை வளர்ந்த பின், பள்ளி மாறிய பின், மற்றவர் மறுமணம் செய்த பின் மீண்டும் அணுகலாம். விவரம் அறிந்து விருப்பம் சொல்லும் வயதை எட்டிய குழந்தையின் கருத்தையும் நீதிமன்றம் கேட்கும்.

குழந்தைக்கு 18 வயது நிறைந்ததும் வழக்கு தானாகவே பொருளற்றுப் போகும். அதன் பின் எந்த நீதிமன்றமும் சந்திப்பு நாள் குறிக்காது. யாருடைய அனுமதியும் தேவைப்படாது. கப்பல் ஏறுவதா, அழைப்பை எடுப்பதா என்பதை அந்த இளைஞனோ இளம்பெண்ணோ முடிவு செய்வார்.